அடைக்கலப் பிள்ளை

பங்குனி பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பரபரப்புத் தோன்றிவிடும். தேர்வு முடியும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் ஒருபுறம். அவர்களை நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ செங்கோட்டைக்கோ கொண்டுபோய் விடுவது யார் என்று பேசிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் மறுபுறம். சாலைக் கடைத்தெருவில் பை வாங்கி, தம்பானூரில் பேருந்து ஏற்றிவிட்டு வந்தால், பிறகு இரண்டு மாதத்திற்குக் கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்ககத்தும் பல வீடுகளில் சத்தமே இராது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லை நம் உறவுகளின் நடுவே வந்து விழுந்தது. ஆனால் பிள்ளைகளின் கோடை விடுமுறை அந்த எல்லையை இன்றுவரை பொருட்படுத்தியதில்லை. தாத்தா வீடு என்று ஒன்று எல்லைக்கு அப்பால் இருந்தது, அவ்வளவுதான்.

அதே நாள்களில் இந்நகரின் குழந்தைகள் இல்லங்களிலும் பள்ளி விடுமுறை தொடங்குகிறது. உற்றார் எவரேனும் வந்து அழைத்துச் செல்லக்கூடிய பிள்ளைகள் போய்விடுகிறார்கள். வருவதற்கு ஒருவரும் இல்லாதவர்கள் தங்கிவிடுகிறார்கள். வரிசையாகக் கட்டில் கிடக்கும் கூடத்தில் ஏழெட்டுக் கட்டில்களில் மட்டும் விரிப்பு இருக்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். இத்தகைய பிள்ளைகளை விடுமுறைக்கு மட்டும் குடும்பங்களில் தங்கவைக்கும் ஏற்பாடு ஒன்றைக் கேரள அரசின் மகளிர் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை நடத்திவருகிறது. அலுவலகங்களில் இதனை 'வெக்கேஷன் ஃபாஸ்டர் கேர்' என்கிறார்கள். நாம் விடுமுறை வளர்ப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். விரும்பும் குடும்பத்தார் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்கு விண்ணப்பிக்கவேண்டும். வீட்டை வந்து பார்ப்பார்கள். காவல்துறையின் சான்று வேண்டும். இறுதியில் குழந்தைகள் நலக்குழு ஆணை தரவேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். திருப்பி அனுப்புவதற்காகவே ஒரு பிள்ளையை அன்புசெய்ய முடியுமா? முடியும் என்றாலும், அது முறையா? இம்மலரைப் படிக்கும் அன்பர்களில் சிலர் இதே கேள்வியை எம்மிடம் நேரில் கேட்டவர்கள். அன்று சரியான விடை சொல்ல எமக்குத் தெரியவில்லை.

எம் இல்லத்தில் நாங்கள் இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். மகள் வெளியூரில் படிக்கப் போனபின் வீடு வெறிச்சென்று ஆயிற்று. அந்த வெறுமையை நிரப்பிக்கொள்ளத்தான் விண்ணப்பித்தோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. ஏழைக் குழந்தைக்கு உதவும் எண்ணமும் இருந்தது; ஆனால் அது இரண்டாவது. வீட்டைப் பார்க்க வந்த அலுவலர் அம்மையார் இதனை எப்படியோ உணர்ந்துகொண்டார் போலும். "உங்களுக்குத் துணையாகப் பிள்ளையைத் தரவில்லை, பிள்ளைக்குத் துணையாக உங்களைக் கேட்கிறோம்" என்று மலையாளத்தில் மெல்லச் சொன்னார். அன்று அது எமக்குச் சற்றுக் கடுமையாகவே பட்டது.

வந்த பையனுக்கு ஒன்பது வயது. அவன் தாய் உயிரோடிருந்தாள். வளர்க்கும் நிலையில் இல்லை. அதற்குமேல் அவனைப் பற்றி இங்கு எழுதுவது முறையன்று. ஒரு துணிப்பை, ஒரு சிறு தகரப்பெட்டி, அப்பெட்டிக்குள் விரல் நீளத்தில் அவன் தாயின் படம். இவையே அவன் உடைமை. முதல் இரவு அவன் உறங்கவில்லை. தனியறையில் படுத்து அவனுக்குப் பழக்கமில்லை என்பது மறுநாள்தான் எங்களுக்கு விளங்கியது. நாங்களோ அவனுக்கெனத் தனியறை ஒதுக்கியதைப் பெரும் வசதியென்று எண்ணியிருந்தோம். எழுந்தவுடன் படுக்கை விரிப்பை நான்காக மடித்து வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று கேட்டபடி நின்றான். மணியடிக்காமல் ஒரு நாள் தொடங்கும் என்பது அவனுக்குப் புதிது. எங்களை மாமா, மாமி என்று அழைக்கச் சொன்னோம். அப்பா, அம்மா என்ற சொற்கள் வேறொருவருக்கு உரியவை என்று எங்களுக்குத் தோன்றியது. இது ஒன்றுதான் அந்த இரண்டு மாதத்தில் நாங்கள் யோசித்துச் சரியாகச் செய்த காரியம்.

தவறு இரண்டாம் வாரத்தில் நேர்ந்தது. கண்ணாடித் தம்ளர் ஒன்றை உடைத்துவிட்டு அவன் நடுங்கி நின்றான். அவனைத் தேற்றும் ஆவலில், "இது உன் வீடுதானே, இதற்கெல்லாம் பயப்படலாமா" என்று சொல்லிவிட்டோம். அதன்பின் அது வீட்டில் எல்லார் வாயிலும் பழகிவிட்டது. வந்த விருந்தினரும் சொன்னார்கள். அவனும் மெல்ல நம்பத் தொடங்கினான். மே மாதக் கடைசி வாரத்தில் ஒருநாள், முற்றத்தில் மாங்கொட்டை ஒன்றைப் புதைத்துக்கொண்டே, "இது என் வீடென்றால் நான் ஏன் ஒன்றாம் தேதி போகவேண்டும்?" என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, கணக்கில் ஐயம் கேட்பதுபோலக் கேட்டான். "சர்க்கார் உத்தரவு" என்றோம். முதலில் சொன்னது அன்பினால் வந்த பொய். இது கோழைத்தனத்தால் வந்த பொய். திருப்பித் தருவோம் என்று கையொப்பமிட்டுத்தான் அவனை அழைத்துவந்தோம். அப்படியிருக்க, பழியை யார் மீதோ சுமத்தித் தப்பித்துக்கொண்டோம்.

இதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், தமிழில் நல்ல புலமை உடையவர், எம்மைக் கடிந்துகொண்டார். "நிலையாகத் தர முடியாததைக் காட்டுவதே பிழை. பசித்தவனுக்கு விருந்தின் மணத்தை மட்டும் காட்டுவதுபோல இது. ஒன்று தத்து எடுத்துக்கொள், இல்லையேல் தொடாதே" என்றார். தம் கூற்றுக்குத் துணையாக நெய்தற் கலியையும் எடுத்துக்காட்டினார். சான்றோர்க்குரிய பண்புகளை ஒவ்வொன்றாக வரையறுத்துச் செல்லும் அப்பாடலில், போற்றுதல் என்பதற்குக் கூறப்படும் பொருளே, இணைந்தவரை விட்டு நீங்காதிருத்தல் என்பதுதான். பிரிவதற்கு நாள் குறித்துக்கொண்டு தொடங்கும் உறவில் போற்றுதல் எங்ஙனம் நிகழும் என்பது அவர் வாதம்.

இவ்வாதம் எம்மை நெடுநாள் வருத்தியது. வருத்தத்திற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் வாழும் இந்த மண்ணில் ஈன்றவளைப் பெற்றம்மை என்றும், ஈனாமல் வளர்த்தவளைப் போற்றம்மை என்றும் வழங்குகிறார்கள். போற்றுதல் என்றால் புகழ்தல், வணங்குதல் என்றே இக்காலத் தமிழில் பெரிதும் பொருள்கொள்கிறோம். ஊட்டிப் பேணுதல் என்ற பழம்பொருள் மலையாளத்தில் இன்றும் அடுக்களைச் சொல்லாக உயிரோடு உலவுகிறது. குடியேறி வாழ்பவர்களுக்குக் கிடைக்கும் சிறு இலாபங்களில் இதுவும் ஒன்று. நம் மொழி மறந்ததை அண்டை வீட்டு மொழி நினைவூட்டும். ஆக, ஒருபுறம் போற்றம்மை, மறுபுறம் பிரியாமையே போற்றுதல் என்ற வரையறை. நடுவில் ஜூன் முதல் தேதி.

தத்து எடுத்துக்கொள் என்று நண்பர் சொன்னது நல்ல எண்ணத்தினால்தான். ஆயினும் தத்தும் இதுவும் ஒரே பாதையின் முற்பகுதியும் பிற்பகுதியும் அல்ல. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி முறையாக நிகழ்ந்த தத்தினை எவரும் பின்னர் நீக்க இயலாது. பிள்ளை பிறந்த குடும்பத்திற்குத் திரும்பவும் முடியாது. அங்கே ஒரு கதவை மூடித்தான் இன்னொரு கதவைத் திறக்கிறார்கள். வளர்ப்புப் பராமரிப்பிலோ பழைய கதவு மூடப்படுவதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், அதன் 44ஆம் பிரிவில், குழந்தையைத் தற்காலிகமாக வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் விடுவதற்கு வழிசெய்கிறது. நோய், சிறை, வறுமை, மனநலக் குறைவு என்று பெற்றோர் வளர்க்க இயலாமற்போவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் சில தீரக்கூடியவை. தீரும்வரை பிள்ளை எங்கே இருப்பது? எல்லாரும் தத்து மட்டுமே எடுப்பேன் என்று நின்றால், தாய் உயிரோடிருக்கும் ஒன்பது வயதுப் பையனுக்குக் கட்டில் வரிசை ஒன்றுதான் மிஞ்சும். 2024ஆம் ஆண்டு நடுவண் அரசு திருத்தி வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மணமாகாதவர்களும் தனித்து வாழ்பவர்களும்கூட வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம். ஈராண்டு வளர்த்த பின், தத்துக்கு உரிய நிலையில் பிள்ளை இருந்தால், அக்குடும்பமே தத்துக் கோரலாம். நீண்டகால வளர்ப்பிற்கு மாதம் 4000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

பணம் என்றவுடன் ஒன்றைச் சொல்லாமல் விடமுடியவில்லை. ஊரிலிருந்து ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்றைக் கூட்டிவந்து 'வீட்டோடு வளர்க்கிறோம்' என்று சொல்லும் பழக்கம் நம் குடும்பங்களில் இருந்தது. குடியேறியவர்களிடையே அது மிகுதி. நம் மொழி பேசும் பிள்ளை கைக்கு உதவியாக வேண்டும் அல்லவா? அப்பிள்ளை பாத்திரம் துலக்கும், கைக்குழந்தையைத் தூக்கும், கடைக்குப் போகும். வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் மிச்சமிருப்பதை உண்ணும். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்துவிட்டால் வளர்ப்பு நிறைவெய்திவிடும். பதினான்கு வயதிற்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வதை 2006ஆம் ஆண்டு அக்டோபர் 10 முதல் சட்டம் தடைசெய்தது. வளர்ப்பு என்ற நல்ல சொல் எவ்வளவு கறைபட்டிருந்தது என்பதற்கு அதுவே சான்று. வீட்டைச் சோதிக்க வருகிறார்களே, காவல்துறைச் சான்று கேட்கிறார்களே என்று முகம் சுளிப்பவர்கள் இதனை நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விகள் வந்த வழி நம் அடுக்களைப் புறத்திலிருந்துதான் தொடங்குகிறது.

சற்று வெளியுலகையும் பார்த்துவிட்டு வருவோம். இலண்டனில் ஜான் பௌல்பி என்னும் மருத்துவர், தாயைப் பிரிந்த குழந்தைகளின் மனநிலையை ஆராய்ந்து 1951இல் உலகச் சுகாதார நிறுவனத்திற்கு ஓர் அறிக்கை அளித்தார். அவரோடு பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் தம் மனைவி ஜாய்ஸுடன் சேர்ந்து பின்னர் ஓர் அரிய காரியம் செய்தார். பிரிவு என்பதே குழந்தையை முறிக்கிறதா, அல்லது பிரிந்திருக்கும்போது கிடைக்கும் கவனிப்பின் குறைவு முறிக்கிறதா என்று அறிய விரும்பி, தாய் மகப்பேற்றுக்கு மருத்துவமனை சென்றிருந்த காலத்தில் சிறு குழந்தைகள் நால்வரை, ஒவ்வொருவராக, தம் இல்லத்திலேயே வைத்து வளர்த்தனர். பத்து நாள் முதல் இருபத்தேழு நாள் வரை. ஒரு வளர்ப்புத்தாய், அவளே முழுநேரமும். குழந்தை வீட்டில் உண்ட உணவு, உறங்கிய முறை எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டறிந்துகொண்டனர். தாயைப் பற்றி நாள்தோறும் பேசினர். தாயின் படத்தைக் காட்டினர். அக்குழந்தைகள் வருந்தின, ஆயினும் சிதையவில்லை. அதே வயதுடைய இன்னொரு குழந்தையை வேறொரு குழந்தைகள் காப்பகத்தில் ஒன்பது நாள் விட்டிருந்தார்கள். செவிலியர் நல்லவர்கள்தான், ஆனால் மாறி மாறி வந்தார்கள். அக்குழந்தை ஒன்பதே நாளில் எவ்வாறு குலைந்துபோயிற்று என்பதை ராபர்ட்சன் தம்பதியர் 1969இல் படமாகவே எடுத்துக் காட்டினர்.

ருமேனியாவின் தலைநகரில் 2001ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஆராய்ச்சியும் இவ்வழிப்பட்டதே. காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் சரிபாதியினரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்துப் பல்லாண்டு கவனித்ததில், குடும்பத்தில் வளர்ந்தவர்கள் அறிவிலும் உறவாடலிலும் தேறினர். இரண்டு வயதிற்குள் போனவர்கள் மிகுதியும் தேறினர். இவையெல்லாம் மழலைகளைப் பற்றிய செய்திகள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் வாதாடப் போவதில்லை. ஆனால் எம்மை நிறுத்தி வைத்தது ராபர்ட்சன் இல்லத்தில் மேசைமேல் இருந்த அந்தத் தாயின் படம். நாங்கள் செய்தது என்ன? தகரப்பெட்டிக்குள் இருந்த படத்தைப் பார்த்தும் பாராததுபோல இருந்துவிட்டோம். அதைப் பற்றிப் பேசினால் பையன் அழுவான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். உண்மையில், அவன் அவளை நினைக்கும் நேரம் எங்களை மறந்திருப்பானே என்ற அற்பப் பொறாமைதான் அது. 'இது உன் வீடு' என்ற சொல்லின் வேரும் அங்கேதான் இருந்தது. அவனுக்கு உடைமையைத் தருவதுபோல, அவனையே உடைமையாக்கிக்கொள்ளப் பார்த்தோம்.

நண்பரின் வாதத்திற்கு விடை தேடும்போது எமக்குச் சிலப்பதிகாரத்து மாதரி நினைவுக்கு வந்தாள். சேர நாட்டோடு தொடர்புடைய இளங்கோவடிகளின் காப்பியத்தை நாம் வாழும் இப்பகுதியில் இருந்து நினைப்பதில் தனி உரிமை உண்டு. மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல மூதாட்டியாகிய மாதரியிடம் ஒப்படைக்கிறார். அக்காதைக்கே அடைக்கலக் காதை என்று பெயர். கண்ணகி குழந்தையல்லள், மணமான மங்கை. ஆனாலும் நீயே இவளுக்குத் தாயாக இரு என்றுதான் அடிகள் கேட்டுக்கொள்கிறார். மாதரி என்ன செய்தாள்? தன் மகள் ஐயையைத் துணைக்கு வைத்தாள். புதிய மனை ஒன்றைத் தந்தாள். அவளோ பாலும் மோரும் விற்கும் ஆய்ச்சி. வந்தவர்களோ சமண நெறியில் நோன்பு பூண்டோர். அந்நெறிக்கு ஏற்பப் பகலில் தாமே சமைத்து உண்ணட்டும் என்று நல்ல கலங்களையும், பலாக்காய், வெள்ளரிக்காய், மாங்கனி, அரிசி முதலியவற்றையும் கொடுத்தாள். என் வீட்டிற்கு வந்துவிட்டாய், இனி நாங்கள் உண்பதை உண், நாங்கள் தொழுவதைத் தொழு என்று அவள் சொல்லவில்லை. விருந்தோம்பலில் இது ஒரு நுட்பமான படி. தன்னுடையதைத் தருவது எளிது. வந்தவருடையதை அவருக்கே காத்துத் தருவது அரிது.

அடைக்கலம் என்ற சொல்லில் இரண்டு கருத்து அடங்கியிருக்கிறது. இது என் பொறுப்பு என்பது ஒன்று. இது என்னுடையது அன்று என்பது மற்றொன்று. முதலாவது குறைந்தால் அலட்சியம் வரும். இரண்டாவது குறைந்தால் எங்களுக்கு வந்தது போன்ற ஆசை வரும். மாதரியிடம் இரண்டும் நிறைந்திருந்தன. அதனால்தான் கண்ணகிக்கு நேர்ந்ததை அறிந்து, தன் அடைக்கலம் கைவிட்டுப் போயிற்றே என்று அவள் தீப்புகுந்தாள் எனப் பின்னர் நீர்ப்படைக் காதையில் மாடலன் சொல்லக் கேட்கிறோம். உயிர்விடுதலை நாம் போற்றவேண்டியதில்லை. சில நாள் மட்டும் தன்னிடம் இருந்த ஒருத்திக்காக அவ்வளவு ஆழமான பற்று உண்டாகக்கூடும் என்பதைத்தான் கருதுகிறோம். பற்றின் ஆழத்தை நாள்கணக்கு அளப்பதில்லை போலும்.

இந்நகர மக்களுக்கு இக்கருத்து புதியதன்று. 1750ஆம் ஆண்டு மார்த்தாண்டவர்மர் தம் நாட்டைப் பத்மநாபப் பெருமாளின் திருப்படியில் ஒப்படைத்துவிட்டு, அதன்பின் பத்மநாபதாசர் என்ற பெயரிலேயே ஆண்டார். அதில் அரசியல் தேவைகளும் இருந்தன என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள், இருக்கட்டும். வென்றெடுத்த நாட்டை ஒப்படைக்கப்பட்ட நாடாக எண்ணிக்கொண்டு ஆளும் முறை ஒன்று கோட்டைக்குள்ளேயே நடந்தது என்பது போதும். நாட்டுக்கே இது முடியுமென்றால் ஒரு பையனுக்கு ஏன் முடியாது என்று வேடிக்கையாக நண்பரிடம் கேட்டோம். நாடு கேள்வி கேட்காது, பையன் கேட்பான் என்றார் அவர். அதுவும் சரிதான்.

அப்படிக் கேட்கும்போது மெய்யான விடை இருக்கவேண்டும். அதற்கு நம் அகப்பாடல்கள் துணைசெய்கின்றன. தலைவிக்கு நற்றாய், செவிலித்தாய் என இரு தாயரை வைத்தது நம் மரபு. மகள் தலைவனோடு புறப்பட்டுப் போனபின் நற்றாய் வீட்டில் இருந்து புலம்புகிறாள். செவிலியோ சுரத்து வழியே தேடிப் போகிறாள். பாலைக்கலியில் அவ்வாறு தேடிச் சென்ற செவிலியை எதிர்ப்படும் முக்கோற்பகவர், சந்தனத்தையும் முத்தையும் யாழின் இசையையும் காட்டி, அவை தாம் தோன்றிய இடத்திற்குப் பயன்படுவதில்லை, உன் மகளும் அத்தகையவளே என்று தெளிவிக்கிறார்கள். இந்த விடை செவிலிக்குச் சொல்லப்படுகிறது என்றாலும் நற்றாய்க்கும் பொருந்துவதே. பெற்றவர்களுக்கும் பிள்ளை தவணைக்கு வந்ததுதான். தவணை சற்று நீளம். எங்கள் மகளை வெளியூருக்கு இரயிலேற்றிவிட்டு வெறும் வீட்டிற்குத் திரும்பிய அன்று இது தெரிந்திருக்கவேண்டும். தெரியவில்லை. தெரிந்திருந்தால் வேறொரு பிள்ளையை வைத்து அந்த வெறுமையை அடைக்க முயன்றிருக்க மாட்டோம்.

நண்பர் காட்டிய வரையறைக்கும் இப்போது வேறு பொருள் தோன்றுகிறது. பிரியாமை என்பது ஒரே கூரையின் கீழ் இருப்பது மட்டும்தானா? எங்கிருக்கிறான், உடல் எப்படி, மதிப்பெண் என்ன, புதிய வகுப்பில் பக்கத்தில் யார் உட்காருகிறான் என்று அறிந்துகொண்டிருப்பவன் பிரிந்தவன் ஆவானா? ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவற்றுள் ஒன்றும் அறியாத தந்தையர் எத்தனை பேர்! நண்பர் இதை முழுதும் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். "அறிந்துகொண்டிருப்பது பெரியவனுக்கு ஆறுதல், இரவில் விழித்துக்கொள்ளும் பிள்ளைக்கு அது போதாது" என்றார். எமக்கு அதற்கு இன்றும் விடை இல்லை.

திருப்பித் தருதலின் வலி இவ்வூரில் ஒருமுறை எல்லார் கண்முன்னும் நடந்தேறியது. 2002ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று அம்மத்தொட்டில் நிறுவப்பட்ட நகரம் இது. தமிழ்நாட்டில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தைப் போன்றதுதான். அவ்வாறு மாநிலக் குழந்தைகள் நலக் கவுன்சிலின் பொறுப்பில் இருந்த ஓர் ஆண் குழந்தை, 2021ஆம் ஆண்டில் தத்துக்கு முந்தைய பராமரிப்பாக ஆந்திரத்துத் தம்பதியர் இருவரிடம் அளிக்கப்பட்டது. தன் ஒப்புதலின்றிப் பிரிக்கப்பட்ட குழந்தை என்று பெற்ற தாய் வழக்காடினாள். கவுன்சிலின் வாயிலில் அமர்ந்து போராடினாள். நவம்பரில் குழந்தை ஆந்திரத்திலிருந்து திரும்பக் கொண்டுவரப்பட்டது; மரபணுச் சோதனை தாயை உறுதி செய்தது; நவம்பர் 24 அன்று குடும்ப நீதிமன்றம் குழந்தையை அவளிடம் ஒப்படைத்தது. இதில் யார் குற்றவாளி என்று ஆராய்வது எம் நோக்கமன்று. அந்தத் தாயின் மகிழ்ச்சி நீதியின் மகிழ்ச்சி. ஆயினும், பெயர் தெரியாத அந்த ஆந்திரத்துத் தம்பதியரை நாம் பலமுறை நினைத்திருக்கிறோம். என்றைக்கும் என்று எண்ணித் தொட்டில் கட்டியவர்கள், தாம் செவிலியர்தாம் என்பதைச் சில மாதங்களில் அறிந்தார்கள். சேரநாட்டுக் குலசேகர ஆழ்வார், கண்ணனின் பிள்ளைப்பருவத்தைக் காணாத தேவகியின் ஏக்கத்தை ஒரு பதிகமாகவே பாடினார். பெற்றும் வளர்க்காதவளின் துயருக்கு இவ்வளவு இடம் தந்த இந்த மண்ணில், வளர்த்துத் திருப்பித் தந்தவர்களின் துயரைக் கேட்டவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

இதற்கு மாறான காட்சி ஒன்றும் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று வயநாட்டில் சூரல்மலையும் முண்டக்கையும் மண்ணில் புதைந்தபோது, தாயை இழந்த கைக்குழந்தைகளுக்குப் பாலூட்டத் தயார் என்று இடுக்கியிலிருந்து ஒரு தாய் கணவனோடு புறப்பட்டு வந்தாள். அவள் யாரையும் தனதாக்கிக்கொள்ள வரவில்லை. அன்றைய பசிக்கு வந்தாள். அவ்வேளையில் குழந்தைகளைத் தத்துக் கேட்டு அரசை அணுகியவர்களும் பலர். அவர்களிடம் அதற்குரிய முறையில் பதிவுசெய்துகொள்ளும்படி சொல்லவேண்டி வந்தது. இரண்டு மனங்களுமே நல்லவைதாம். ஆனால் அன்று அக்குழந்தைகளுக்கு எது தேவைப்பட்டதோ, அதை அறிந்திருந்தவள் அந்தத் தாய்.

நம் குடும்பங்கள் இப்பணிக்கு வந்தால் மொழியைப் பற்றிய கேள்வி எழாமல் இராது. மலையாளம் பேசும் பிள்ளைக்குத் தமிழ் கற்பிக்கலாமா? நாங்கள் கற்பிக்கவில்லை, அவனே கற்றுக்கொண்டான். மூன்றாம் வாரத்தில் எங்கள் ஊர்த்தமிழில் சண்டையிடவும் தெரிந்துகொண்டான். அதற்குத் தடையொன்றும் இல்லை. ஆனால் அவன் வணங்கும் முறையையும், பழகிய உணவையும், கூப்பிடும் பெயரையும் மாற்றாதிருத்தல் வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பிறமொழி நடுவே வாழ்ந்து, வீட்டுக்குள் தமிழைக் காத்துவரும் நமக்கு இதன் அருமை தெரியும். நம்மை நம் மொழியோடு இருக்கவிட்ட ஊர் இது. அந்த ஊரின் பிள்ளையை அவன் மொழியோடு இருக்கவிடுவது கடன் தீர்ப்பதுபோல.

ஜூன் முதல் நாள் காலை, அவன் படுக்கை விரிப்பை நான்காக மடித்து வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வாயிலில் நின்றான். வழியில் ஒன்றும் பேசவில்லை. இல்லத்தின் வாசலில் அவன் நண்பர்கள் ஓடிவந்தார்கள்; அவர்களோடு உள்ளே போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. எங்களை மறந்துவிட்டான் என்று வருந்தினோம். பிறகுதான், திரும்பிப் பார்க்காமல் போகும் திறமை அவனுக்கு எப்படி வந்திருக்கும் என்று எண்ணி அதைவிட வருந்தினோம்.

அடுத்த ஆண்டும் விண்ணப்பித்தோம். அவனையே கேட்டோம், அவனையும் கேட்டு, அவன் இசைந்த பிறகு ஆணை வந்தது. இந்த முறை வந்த அன்றே கூடத்தில் தொங்கிய மனோரமா நாட்காட்டியின் முன் அவனை நிறுத்தி, வந்த தேதியையும் போகும் தேதியையும் காட்டினோம். "இது எங்கள் வீடு. இந்தத் தேதிவரை நீ இங்கே இருக்கலாம். அதன்பின் உன் பள்ளி இருக்கிறது. நாங்கள் மாதந்தோறும் அனுமதி பெற்றுப் பார்க்க வருவோம். போன வருஷம் நாங்கள் சொன்னது தப்பு" என்றோம். அவன் தலையசைத்தான். தம்ளர் உடைந்த கதையைச் சொல்லிச் சிரித்தான். அவன் தாயின் படத்தைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கலாமா என்று கேட்டோம். சற்று யோசித்து, அவனே எடுத்து வைத்தான். சுவரைப் பார்த்தபடி வைத்தான். நாலைந்து நாள் கழித்து அது அறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

மே மாத முடிவில் ஒருநாள் பென்சில் கேட்டான். நாட்காட்டியின் தாள்களைப் புரட்டி டிசம்பரில் நிறுத்தி, கிறிஸ்துமஸ் விடுமுறை நாள்கள் பத்தையும் சுற்றி ஒரு கோடு இழுத்தான். "இதற்கும் வரலாமா?" என்றான்.

கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்றோம். சரி, கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, முந்தைய ஆண்டு புதைத்த மாங்கொட்டை முளைத்திருந்த இடத்திற்குத் தண்ணீர் ஊற்றப் போனான்.